சுரங்கப்பாதையில் தீ: புகையை மலையின் கையில் விடலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் ஊரில் அறுநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கச் சாலை திட்டமிடுகிறார்கள். கூரையில் வானம் பார்த்த திறப்புகளை விட்டுவிட்டால் தீப்பிடித்தாலும் புகை தானாகவே மேலே போய்விடும், விசிறிகளே வேண்டாம் என்கிறார்கள். இது சரியா? அடுப்பங்கரைப் புகைபோக்கிக்கு யாரும் மின்சாரம் கொடுப்பதில்லையே?"

நல்ல கேள்வி. அடுப்பங்கரையிலிருந்தே தொடங்குகிறேன். விறகு அடுப்பில் சமைத்தவர்களுக்குத் தெரியும், புகைபோக்கி எல்லா நாளும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. அடுப்பு நன்றாகச் சூடேறிய பிறகு சீராக இழுக்கும். பற்றவைத்த முதல் சில நிமிடங்களில் புகை வீட்டுக்குள்தான் சுற்றும். காற்று அடிக்கும் நாளில், மேலே போன புகை அப்படியே திரும்பி இறங்கிக் கண்ணைக் கரிக்கும். அடுப்பும் அதேதான், புகைபோக்கியும் அதேதான். அப்போது சமைப்பவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் வந்துவிடுவார். சுரங்கப்பாதையின் நடுவில் காரில் இருப்பவருக்குக் கொல்லைப்புறம் முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. அதுவும் புகை இல்லாத பக்கம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே என் பதில்: இயற்கைக் காற்றோட்டம் சில சுரங்கப்பாதைகளில் போதும், பலவற்றில் போதாது. போதும் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சுரங்கப்பாதைத் தீயில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது புகைதான், சுடர் இல்லை. நெருப்பே பிடிக்காமல் புகை மட்டும் என்ன செய்யும் என்பதற்கு 1944 மார்ச் மாதம் தெற்கு இத்தாலியில் பல்வானோ ஊருக்கு அருகே நடந்ததைப் பார்க்கலாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு சென்ற ஒரு சரக்கு ரயில், ஆர்மி என்ற சுரங்கப்பாதைக்குள் ஏற்றத்தில் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. நீராவி இயந்திரங்கள் நிலக்கரியை எரித்துக்கொண்டே இருந்தன. கார்பன் மோனாக்சைடு நிறைந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் தூக்கத்திலேயே. பெட்டிகள் எரியவில்லை, தடம் புரளவும் இல்லை. புகை வெளியேறும் அளவுக்குக் காற்று நகரவில்லை, அவ்வளவுதான்.

இனி, தீப்பிடித்த சுரங்கப்பாதைக்குள் புகை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். சுரங்கப்பாதைகளின் காற்றோட்டக் கணக்குப் போடுவது என் பிழைப்பு. புதிதாகக் கட்டிய ஒரு சுரங்கச் சாலையில் நடந்த வெப்பப்புகைச் சோதனையை நேரில் பார்த்தது இன்றும் மறக்கவில்லை. இரும்புத் தட்டுகளில் எரிசாராயம் ஊற்றிக் கொளுத்தி, அதன் மேல் செயற்கைப் புகையை விட்டார்கள். புகை நேராகக் கூரைக்குப் போய், அங்கே முட்டி, இரண்டு பக்கமும் படர்ந்தது. ஐம்பது மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன். தலைக்கு மேல் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு வெள்ளை விரிப்பு, அதற்குக் கீழே சுத்தமான காற்று. எதிர்ச்சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்க முடிந்தது. இதே நிலை நீடித்தால் குனிந்துகூட நடக்க வேண்டாம் என்று தோன்றும். அப்படியே புகை போகும் திசையில் நடந்தேன். நூறு மீட்டரில் விரிப்பின் அடிப்பக்கம் பிசிறு தட்டத் தொடங்கியது. நூற்றைம்பதில் நூல் நூலாகக் கீழே இறங்கியது. இருநூறு மீட்டரில் தரையிலிருந்து கூரைவரை ஒரே வெள்ளை. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை.

காரணம் எளிது. சூடாக இருக்கும்வரைதான் புகை மேலே மிதக்கும். கூரைக் கான்கிரீட்டும் பக்கச் சுவரும் அதன் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. ஆறிய புகைக்கும் காற்றுக்கும் எடையில் வேறுபாடு கிடையாது, ஆகவே அது கீழே இறங்கிக் கலந்துவிடுகிறது. தீக்குப் பக்கத்தில் நிற்பவரைவிட இருநூறு மீட்டர் தள்ளி "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று காருக்குள் உட்கார்ந்திருப்பவர் முதலில் சிக்கிக்கொள்ளலாம். கேட்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். நானும் அன்று கண்ணால் பார்த்த பிறகுதான் முழுமையாக நம்பினேன்.

சுரங்கப்பாதைக்குள் இயற்கையாகக் காற்றை நகர்த்துவன நான்கு. இரு வாய்களுக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு, உள்ளும் புறமுமான வெப்பநிலை வேறுபாடு, வாயில் மோதும் காற்று, ஓடும் வண்டிகள் தள்ளிக்கொண்டு போகும் காற்று. பெரிய மலையைக் குடைந்து போகும் பாதையில் ஐந்தாவதாக ஒன்றும் சேரும்: மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வானிலை வேறாக இருந்தால், காற்றழுத்த வேறுபாடு மட்டுமே சில நூறு பாஸ்கலுக்கு (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) போய்விடும்.

இவை எதுவும் நாள் முழுக்க ஒரே பக்கம் தள்ளுவதில்லை. மலைப்பாதை வேலை ஒன்றில், சுரங்க வாயில் மூங்கில் கழியில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி வைத்திருந்தோம். கருவிகள் வந்து சேரும்வரை அதுதான் எங்கள் காற்றுமானி. விடியற்காலையில் வெளியே குளிர், உள்ளே பாறை கதகதப்பாக இருக்கும். உள்காற்று லேசாகி ஏற்றத்தின் பக்கம் நகரும், துணி மேல்வாயைப் பார்த்துப் பறக்கும். ஒன்பது, பத்து மணிக்குத் துணி தொங்கிவிடும், கொஞ்ச நேரம் அசையாது. மதியம் வெளியே வெயில் ஏறிவிட்டால் உள்ளேதான் குளிர்ச்சி. குளிர்ந்த காற்று கனமாகி இறக்கத்தில் வழிந்து கீழ்வாய் வழியாக வெளியேறும், துணி எதிர்ப்பக்கம் பறக்கும். ஒரே சுரங்கம், ஒரே நாள், இரண்டு திசை, நடுவில் அசைவே இல்லாத ஒரு வேளை. "இந்தப் பாதையில் காற்று இயல்பாகவே தெற்கு நோக்கிப் போகும்" என்று யாராவது அறிக்கையில் எழுதியிருந்தால், எத்தனை மணிக்கு என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

சிறு கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ஒரு கிலோமீட்டர் நீளம், நூற்றுக்கு மூன்று மீட்டர் ஏற்றம், அதாவது இரு வாய்களுக்கும் இடையே 30 மீட்டர் உயர வேறுபாடு. உள்ளே வெளியைவிட 5 டிகிரி சூடு என்றால் கிடைக்கும் தள்ளுவிசை சுமார் 6 பாஸ்கல். சாதாரண இருவழிப் பாதையின் சுவர் உராய்வையும் மற்ற இழப்புகளையும் கழித்தால், காற்று வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நகர இது போதும். நம் நடை வேகத்தைவிடச் சற்றே அதிகம். இப்போது கீழ்வாய்க்கு அருகே தீப்பிடித்து, ஏற்றப் பக்கம் உள்ள காற்றின் சராசரி வெப்பம் 100 டிகிரி ஆகிவிட்டது என்று வையுங்கள். தள்ளுவிசை 75 பாஸ்கலை எட்டும். காற்றோட்டம் வினாடிக்கு ஐந்து மீட்டர் அளவுக்கு ஏறும். ஓடினாலும் பெரும்பாலானோரால் அந்த வேகத்தில் தாக்குப்பிடிக்க முடியாது. தீ தன் புகைபோக்கியைத் தானே கட்டிக்கொள்கிறது என்று இதைத்தான் சொல்கிறோம். மேல்வாய்ப் பக்கம் நிற்பவர்கள் புகைபோக்கிக்குள் நிற்கிறார்கள். கீழ்வாய்ப் பக்கம் நிற்பவர்களுக்கோ புதுக்காற்று வந்துகொண்டே இருக்கிறது.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் அருகே கால்டிகாட் என்ற சுரங்கச் சாலை இருக்கிறது. 1982 ஏப்ரல் 7, நள்ளிரவு தாண்டிய நேரம். அதன் மூன்றாவது குழாயில் (இணையாக ஓடும் சுரங்கங்களில் ஒன்று) ஒரு கார், ஒரு பெட்ரோல் டேங்கர், பயணிகள் இல்லாத ஒரு பஸ் மூன்றும் மோதிக்கொண்டன. டேங்கரில் முப்பதாயிரம் லிட்டருக்கு மேல் பெட்ரோல். விசிறிகள் ஓடவில்லை. பாதை கிழக்கு நோக்கி நூற்றுக்கு நான்கு என்ற ஏற்றம். வண்டிகள் ஓடிய திசையோ மேற்கு, அதாவது இறக்கம். புகை முழுவதும் ஏற்றத்தைப் பிடித்துக் கிழக்கே போனது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் யார்? பின்னால் வந்து நின்ற வண்டிக்காரர்கள். மோதலிலும் தீயிலுமாக மொத்தம் ஏழு பேர் இறந்தார்கள். தீக்கு மேற்கே, இறக்கப் பக்கம், சுவரில் கரி படிந்ததுகூடக் குறைவு. அதற்குப் பிறகு பெட்ரோல் போன்ற ஆபத்தான சரக்குகள் அந்தப் பாதையில் விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் மட்டுமே போகலாம் என்று கட்டுப்பாடு வந்தது. காற்றோட்டத்தை மலைச்சரிவிடம் விட்டால் அது எந்தப் பக்கத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

சரிவு செங்குத்தாகும்போது நிலைமை இன்னும் கொடூரம். ஆஸ்திரியாவின் காப்ரூன் பனிமலையில், 2000 நவம்பர் 11 அன்று, சறுக்கு விளையாடப் போனவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கம்பிவட ரயில் சுரங்கத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நூறு மீட்டருக்கு நாற்பது மீட்டருக்கும் மேல் உயரும் சுரங்கம் அது, நீளம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். ரயிலின் பின்பக்க, அதாவது கீழ்ப்பக்க ஓட்டுநர் அறையில் இருந்த வெப்பமூட்டியில் தீ தொடங்கியது. கதவுகளைத் திறந்தபோது பெரும்பாலானோர் தீயைவிட்டு விலகி மேல்நோக்கி ஓடினார்கள். மனித இயல்பு அதுதான், யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மேல்பக்கம்தான் புகைபோக்கி. தன்னார்வத் தீயணைப்பு வீரராக அனுபவம் பெற்ற ஒரு பயணி, தீயைக் கடந்து கீழே இறங்கச் சொல்லிச் சிலரை அழைத்துப் போனார். அப்படி இறங்கிய பன்னிரண்டு பேர் மட்டுமே உயிர் பிழைத்தார்கள். 155 பேர் இறந்தார்கள். அவர்களில் மூன்று பேர் அந்த ரயிலில் ஏறவே இல்லை. சுரங்கத்தின் மேல்முனை நிலையத்தில் இருந்தவர்கள். புகை அவ்வளவு தூரம் போய் அவர்களை எட்டியது.

இவ்வளவையும் படித்தால் இயற்கைக் காற்றோட்டத்தை நான் முற்றிலும் வெறுக்கிறேன் என்று தோன்றலாம். அப்படி இல்லை. கூரைத் திறப்புகள் அருமையாக வேலை செய்த ஒரு நிகழ்வையும் சொல்லியே ஆக வேண்டும்.

இங்கிலாந்தில் லங்காஷயருக்கும் யார்க்ஷயருக்கும் இடையே பென்னைன் மலையைக் குடைந்து போகிறது சம்மிட் ரயில் சுரங்கம். 1841-ல் திறந்தபோது உலகின் ரயில் சுரங்கங்களிலேயே நீளமானது அதுதான். இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம், உள்ளே முழுவதும் செங்கல் பூச்சு. வெட்டும் காலத்தில் மேலிருந்து தோண்டிய செங்குத்துக் கிணறுகளில் பலவற்றை, நீராவி இயந்திரப் புகை வெளியேறட்டும் என்று அப்படியே விட்டிருந்தார்கள். 1984 டிசம்பர் 20 விடியற்காலை, பதின்மூன்று டேங்கர்களில் பெட்ரோல் ஏற்றிய ரயில் உள்ளே தடம் புரண்டு தீப்பிடித்தது. பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல். ரயில் ஊழியர்கள் மூன்று பேர் தப்பி வெளியே வந்தார்கள். பிறகு மீண்டும் உள்ளே போய், தடம் புரளாத முதல் மூன்று டேங்கர்களை இயந்திரத்தோடு வெளியே இழுத்து வந்தார்கள். காலை பத்து மணிக்குச் சற்று முன்பு, சூடேறிய டேங்கர்களிலிருந்து ஆவி பீறிட்டுத் தீ பெருத்தது. உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்கள் அதற்குச் சற்று முன்புதான் வெளியேறியிருந்தார்கள். எட்டாவது, ஒன்பதாவது கிணறுகளின் வழியாகச் சுடர் மலைக்கு மேலே எழுந்து, கிணற்று வாயிலிருந்து நாற்பது மீட்டருக்கும் அதிக உயரத்துக்குக் கொழுந்துவிட்டு எரிந்தது. உள்ளே செங்கல்லின் மேற்பரப்பு உருகிக் கண்ணாடிபோல வழிந்திருந்தது.

ஒருவரும் சாகவில்லை. நூற்று நாற்பது ஆண்டுப் பழைய சுரங்கம் இடிந்து விழவும் இல்லை. 1985 ஆகஸ்டில் மறுபடி ரயில் ஓடியது. அந்த இரண்டு கிணறுகளும் சூட்டையும் அழுத்தத்தையும் மேலே வடித்துவிட்டதுதான் இதற்கு முக்கியக் காரணம். கிணறுகள் இல்லாமலிருந்தால் அத்தனை வெப்பமும் சுரங்கத்தின் நீளத்தில் இரு வாய்களையும் நோக்கிப் பாய்ந்திருக்கும்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லி "பார்த்தீர்களா, திறப்பு போதும்" என்று வாதிடுபவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, உள்ளே பயணிகள் யாருமே இல்லை. இரண்டு, தீ மாபெரும் தீ, கிணறுகளும் உயரமானவை. புகைபோக்கிக்குத் தேவையான சூடும் உயரமும் தாராளமாக இருந்தன. உங்கள் ஊர்ச் சுரங்கச் சாலையில் ஒரு கார் எரிந்தால் வெளிவரும் வெப்பம் ஐந்து மெகாவாட் அளவுதான். திறப்பின் உயரமோ மேலே உள்ள மண் கனத்தோடு சேர்த்து நான்கைந்து மீட்டர். நகரச் சுரங்கச் சாலைக்கான சிக்கலே இதுதான். சிறிய தீ, ஆறிய புகை, குட்டையான திறப்பு.

அப்படிப்பட்ட திறப்புகளோடு கட்டிய சாலைகள் உண்மையில் இருக்கின்றன. சீனாவில் நாஞ்சிங் நகரத்தில் ஆழம் குறைந்த சுரங்கச் சாலைகளை மேலே திறப்பு விட்டே கட்டியிருக்கிறார்கள். அங்குள்ள ஆய்வாளர்கள் சிறு மாதிரிகளிலும் முழு அளவிலும் இதைக் குடைந்து குடைந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் தெரிய வந்த ஒரு நுட்பத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நம் உள்ளுணர்வு இங்கே நம்மை ஏமாற்றும். திறப்பு மிகக் குட்டையாக இருந்தால், கூரையடியில் ஓடிவரும் புகை திறப்பின் ஓரத்தைத் தாண்டிப் பாய்ந்து போய்விடும். மேலே ஏறுவது கொஞ்சம்தான். சரி, உயரத்தைக் கூட்டிக்கொண்டே போவோம் என்றால், ஓர் அளவுக்கு மேல் இழுப்பு வலுத்துப் புகை அடுக்கையே துளைத்துக்கொண்டு கீழே உள்ள நல்ல காற்றை உறிஞ்சத் தொடங்கும். தொட்டியில் தண்ணீர் வடியும்போது நடுவில் சுழி விழுந்து காற்றை இழுக்குமே, அதைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். வெளியே கனமாகப் புகை போவதுபோலத் தெரியும், ஆனால் போவதில் பாதி நல்ல காற்று. உள்ளே புகை அப்படியே பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு பெரிய திறப்பைவிட, அளவான பல திறப்புகளை இடைவெளி விட்டு வைப்பதே பெரும்பாலும் நல்லது.

மேலே காற்று வீசினால் என்ன ஆகும்? வினாடிக்கு ஐந்து மீட்டர் காற்று தன் எதிரே உள்ளதன் மேல் சுமார் 15 பாஸ்கல் அழுத்தம் கொடுக்கும். ஐந்து மீட்டர் உயரத் திறப்புக்குள் ஆறிக்கொண்டிருக்கும் புகையின் இழுப்பு 15 பாஸ்கலுக்குக் குறைவாகவே இருக்கும் பல வேளைகளில். சுற்றிலும் அடுக்குமாடிகள் இருந்தால் காற்று சுழன்று திறப்புக்குள் இறங்கும். ஒருமுறை ஒரு வடிவமைப்பு அறிக்கையைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். கணினி மாதிரியில் புகை அழகாக எல்லாத் திறப்புகளிலும் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளீட்டுப் பக்கத்தைத் திருப்பினால், வெளிக்காற்றின் வேகம் பூஜ்யம். கடற்கரை நகரம் அது. வருடத்தில் எத்தனை மணி நேரம் அங்கே காற்று அசையாமல் இருக்கும்? வேகத்தைக் கூட்டி மறுபடி ஓட்டச் சொன்னேன். காற்று வந்த பக்கத்துத் திறப்புகள் இரண்டு, வெளியேற்றுவதற்குப் பதிலாக உள்ளே ஊதின. புகை அடுக்கு குலைந்து தரைவரை இறங்கியது.

விசிறிகளின் பக்கம் வருவோம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கைவிடப்பட்ட மெமோரியல் சுரங்கச் சாலையில், 1993-லிருந்து 1995 வரை 98 முறை உண்மையான தீ வைத்துப் பார்த்தார்கள். 853 மீட்டர் நீளம், நூற்றுக்கு 3.2 ஏற்றம், 10 முதல் 100 மெகாவாட் வரை தீ. விசிறி இல்லாமல் எரித்தபோது, தீயின் ஏற்றப் பக்கம் வெப்பமும் புகையும் நெடுந்தூரம் பரவின. கூரையில் தொங்கும் ஜெட் விசிறிகளை வைத்து, காற்றை நீளவாக்கில் வினாடிக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டர் வேகத்தில் தள்ளியபோது, 100 மெகாவாட் தீயின் புகையைக்கூட ஒரே பக்கமாக விரட்ட முடிந்தது. அந்த வேகத்துக்குக் கீழே போனால், காற்றை எதிர்த்துக் கூரையை ஒட்டியே புகை ஒரு நாக்கை நீட்டிப் பின்னோக்கி ஊர்ந்து வரும். அந்த நாக்கைத் தடுக்கப் போதுமான குறைந்த வேகத்தை வரம்பு வேகம் என்கிறோம். எங்கள் தொழிலில் பாதி நாள் இந்த ஒரு எண்ணைச் சுற்றியே ஓடுகிறது. நடுத்தர ஜெட் விசிறி ஒன்று, முன்பு சொன்ன அளவுள்ள பாதையில் சுமார் 15 பாஸ்கல் தள்ளும். ஏற்றப் பக்கம் போக விரும்பும் 75 பாஸ்கல் புகையை இறக்கத்தில் திருப்ப வேண்டுமானால், அதைச் சமன் செய்யவே ஐந்து விசிறி போய்விடும். மலையோடு ஒத்துப்போகும் திசையிலேயே விரட்டினால் மிகவும் குறைவாகவே போதும். இயற்கைக் காற்றோட்டத்தை நன்கு புரிந்துகொள்வதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. அது எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு தள்ளும் என்று தெரிந்தால்தான் விசிறிகளின் எண்ணிக்கையையே முடிவு செய்ய முடியும்.

விசிறி இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 1999 மார்ச் 24 அன்று பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கச் சாலையில், மாவும் மார்கரினும் ஏற்றிய ஒரு லாரி நட்டநடுவில் தீப்பிடித்து நின்றது. 11.6 கிலோமீட்டர் நீளம், ஒரே குழாயில் இருதிசைப் போக்குவரத்து. அன்று இயற்கைக் காற்று இத்தாலியிலிருந்து பிரான்ஸ் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் பிரான்ஸ் பக்கத்திலிருந்து வந்த வண்டிகள் வரிசையாக நின்றன. இத்தாலிப் பக்கத்தில், புகையை உறிஞ்சவும் காற்றை ஊட்டவும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தக்கூடிய ஒரு காற்றுக் குழாய் இருந்தது. அதை உறிஞ்சும் நிலைக்குத் திருப்பாமல் ஊட்டும் நிலையில் ஓட்டினார்கள். ஏற்கெனவே பிரான்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்த புகையை அது இன்னும் வேகமாகத் தள்ளியது. 39 பேர் இறந்தார்கள். தீ அணைய 53 மணி நேரம் ஆனது. நல்ல எண்ணத்தோடுதான் புதுக்காற்றைக் கொடுத்தார்கள் என்பது இன்னும் வருத்தமாக இருக்கிறது. எதிர்முனையில் தீ எரியும்போது கொடுக்கும் காற்று, நடுவில் நிற்பவருக்கு மூச்சுக்காற்றாகப் போய்ச் சேர்வதில்லை.

இதிலிருந்து வந்த பாடம், ஒருதிசைப் பாதையையும் இருதிசைப் பாதையையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்பது. ஒருதிசைப் பாதையில், நெரிசல் இல்லாதபோது, தீக்கு முன்னால் இருப்பவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். பின்னால் நிற்பவர்களைத்தான் காக்க வேண்டும். எனவே வண்டி ஓடும் திசையிலேயே புகையை வேகமாக விரட்டலாம். இருதிசைப் பாதையிலோ, அல்லது தினமும் நெரிசலில் திணறும் நகரப் பாதையிலோ, தீக்கு இரு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே விரட்டினால் ஒரு பக்கத்தாரைப் பலி கொடுத்து மறுபக்கத்தாரைக் காப்பாற்றுவதாகிவிடும். காற்றின் வேகத்தைக் குறைத்து, புகை அடுக்கைக் குலைக்காமல் வைத்து, கூரை வழியாக உறிஞ்சி எடுக்க வேண்டும். விசிறிப் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தினால், நான் சோதனையில் பார்த்த அந்தத் தெளிவான அடுக்கு ஒரு நிமிடத்தில் காணாமல் போய்விடும்.

இமயமலையில் கட்டியவற்றில் இந்தச் சிந்தனை தெரிகிறது. 2017-ல் திறந்த செனானி–நாஷ்ரி சுரங்கச் சாலை 9 கிலோமீட்டருக்கு மேல். ஒரே குழாயில் இருதிசைப் போக்குவரத்து என்பதால், நீளம் முழுவதும் காற்றை ஊட்டவும் கெட்ட காற்றை உறிஞ்சவும் தனித்தனி வழி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே தப்பிக்கும் சுரங்கம் ஒன்றும் இணையாக ஓடுகிறது. 2020-ல் திறந்த அடல் சுரங்கச் சாலையில், தப்பிக்கும் வழி சாலைக்குக் கீழேயே போகிறது.

உங்கள் அறுநூறு மீட்டர் சாலைக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதி, ஆயிரம் மீட்டருக்கு மேல் நீளமும், ஒரு தடத்துக்கு நாளொன்றுக்கு 2,000 வண்டிக்கு மேல் போக்குவரத்தும் இருந்தால் இயந்திரக் காற்றோட்டம் கட்டாயம் என்கிறது. அறுநூறு அந்த ஆயிரத்துக்குக் கீழேதான். எனவே "விதிப்படி விசிறி தேவையில்லை" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துப் பேச்சை முடித்துவிடாதீர்கள். திட்டக்காரர்களிடம் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இவற்றைக் கேட்பேன்: உச்ச நேரத்தில் வண்டிகள் உள்ளே ஊர்ந்து நிற்குமா? எந்த அளவுத் தீயை வைத்துக் கணக்குப் போட்டீர்கள், காரா, பஸ்ஸா, லாரியா? 2003-ல் நார்வேயின் ருனஹாமார் சுரங்கத்தில், மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த சாதாரணச் சரக்குச் சுமையை எரித்துப் பார்த்தார்கள். ஆபத்தான சரக்கு என்று யாரும் சொல்லாத அந்தச் சுமை 200 மெகாவாட்டை எட்டியது. உங்கள் சாலையில் லாரி போகும் என்றால், கார் தீக்குப் போட்ட கணக்கு செல்லாது. பிறகு, திறப்புகளுக்கு மேல் ஆண்டு முழுவதும் காற்று எந்தத் திசையில், எந்த வேகத்தில் வீசுகிறது என்று அளந்தீர்களா? அந்தத் திறப்புகளைப் பின்னாளில் யாராவது சத்தம் வருகிறது, மழை வருகிறது என்று மூடிவிட்டால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி இல்லை. பராமரிப்பில் திறப்புகள் அடைபடுவதும் தகரம் போட்டு மூடப்படுவதும் நடக்கும். கடைசியாக, நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு ஒரு வெளியேறும் கதவு இருக்கிறதா? அறுநூறு மீட்டர்ப் பாதையில் விசிறிக்குச் செலவழிப்பதா, கதவுக்குச் செலவழிப்பதா என்று என்னைக் கேட்டால், தயங்காமல் கதவு என்பேன். புகை நம் கணக்கை மீறலாம். பக்கத்துச் சுவரில் பச்சை விளக்கோடு ஒரு கதவு இருந்தால், அதை மீறிக்கொண்டு வந்து மனிதர் வெளியேறிவிடுவார்.

வண்டியில் போகிறவராகவும் நீங்கள் இருப்பீர்கள் என்பதால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். உள்ளே முன்னால் புகையைக் கண்டால், வண்டியைத் திருப்ப முயலாதீர்கள். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்து உட்கார்ந்திருந்தவர்கள், மோன் பிளாங்கிலும் கால்டிகாட்டிலும் அப்படியே இறந்திருக்கிறார்கள். மிக அருகில் உள்ள கதவைத் தேடுங்கள். கதவு தெரியவில்லை என்றால், முகத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து படுகிறது என்று பாருங்கள். புகை உங்களிடமிருந்து விலகிப் போகும் வண்ணம், காற்றை எதிர்த்து நடங்கள். சரிவான பாதையில் கதவும் இல்லை, காற்றும் புரியவில்லை என்றால், இறக்கத்தின் பக்கம் போங்கள். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டே நடங்கள். புகை இறங்கிவிட்டால் கண் உதவாது, சுவர் உதவும்.